நியாருவாச் மொழிபெயர்த்த பெயர்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு டீக்கடையில். பெந்தியு என்ற ஆப்பிரிக்க ஊருக்குப் பக்கத்தில், போருக்குத் தப்பியவர்கள் தங்கிய முகாமில், வெள்ளத்தைத் தடுக்கும் கரைமேல் ஓடும் பம்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே வந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. நியாருவாச் நிவாரண நிறுவனத்தின் மொழிபெயர்ப்பாளர். முகாம் மக்கள் பேசும் நூவர் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நிற்பவள். இந்தக் கதை நடந்த கூட்டத்தில் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். ஆனால் அவள் மனசுக்குள் ஓடியது என்ன என்பது, டீயில் சர்க்கரையைக் கலக்கியபடி அவளே சொல்லித்தான் தெரியும்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

வறண்ட மண்ணில், பசித்த கண்களுடன் அவர்கள்

அடித்துவிட்டேன். எங்களைச் சுற்றி நிற்பது தண்ணீர். நியாருவாச்சும் அன்று சோளக்களியும் கருவாடும் சாப்பிட்டுவிட்டு, புதுச் செருப்பு கடிக்கிறதே என்று முனகிக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனாள்.

2.

சோளம் அனுப்பும் ஐரோப்பிய நாடொன்றிலிருந்து கரின் என்ற பாராளுமன்ற உறுப்பினர் வந்திருந்தார். ரேஷன் ஏற்கெனவே பாதியாகியிருந்தது. மிச்சத்தையும் நிறுத்தலாமா என்று அவர்கள் ஊரில் பேச்சு. அதனால் நிவாரண நிறுவனத்தின் மேலாளர் நியாருவாச்சைத் தனியே கூப்பிட்டார்.

"யாராவது கசப்பாப் பேசினா, நீ கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொல்லிடும்மா."

"நான் டீ போடற ஆள் இல்லைங்க சார்."

கூட்டம் தொடங்கியதும் பள்ளிக்கூட வாத்தியார் புவோக் எழுந்தார்.

"துப்பாக்கி எங்க செய்யறாங்க, இங்கயா? எண்ணெய உறிஞ்சிட்டு, கெட்டுப்போன தண்ணிய எங்களுக்கு விட்டுட்டுப் போனது யாரு?* மழை இப்படிக் கொட்டறதே உங்க புகையாலதான்னு ரேடியோவுல சொல்றான். வீட்டக் கொளுத்திட்டுப் போர்வை குடுக்கறீங்க. அதுக்கு நன்றி வேற சொல்லணுமாக்கும்!"

(* எண்ணெய் எடுத்தவர்களில் ஆசியக் கம்பெனிகளும் உண்டு, நம் நாட்டுக்காரர்களும் உண்டு. புவோக் அதைச் சொல்லவில்லை. நான் மட்டும் பின்வரிசையில் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.)

காட்வெச் சிரித்தார். மாடுகளையெல்லாம் போரில் இழந்து, இப்போது மீன் பிடிப்பவர்.

"வாத்தியாரே, துப்பாக்கி தானா நடந்து வந்துச்சா? என் ஊரக் கொளுத்தினவன் நூவர்லதான்யா என்னைத் திட்டினான். அழகாத் திட்டினான், ஒரு தப்பு இல்ல."

"அப்ப துப்பாக்கி குடுத்தவன விட்டுடுவியா?"

"ரெண்டு பேரையும் புடி. ஆனா எனக்கு முகம் தெரிஞ்சவன் சுட்டவன்தான்."

"மாட்டையே காப்பாத்தத் தெரியாத ஆளு, நியாயம் பேச வந்துட்டாரு!"

கூட்டம் சிரித்தது. நியாருவாச் அந்தக் கிண்டலையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். மேலாளர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3.

கரினை முதலில் திமிர் பிடித்தவராக எழுதினேன். [மூக்கில் கைக்குட்டை, கடிகாரத்தில் ஒரு கண்.] எழுதச் சுலபமாக வந்தது, பொய்யாக இருந்தது. கரின் பாயில் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கி, "அவர் சொல்வது சரி. இது அத்தனைக்கும் நாங்கள்தான் பொறுப்பு. வெட்கப்படுகிறேன்" என்றார்.

நியாருவாச் அதை நூவரில் சொன்னதும், வாத்தியார் அடுத்த வாக்கியம் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டார். சண்டைக்கு வந்த இடத்தில் விருந்து போட்ட மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

காட்வெச் முன்னால் வந்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"அழாதீங்கம்மா. உங்க பங்கு பெரிசுதான், எடுத்துக்குங்க. ஆனா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடாதீங்க. எல்லாத் தப்பும் உங்களுதுன்னா, என் தம்பியக் கொன்னவன் யாரு? அவன் மேல நான் எங்க போய் வழக்கு போடுவேன்? அவன் எங்கயும் ஓடல. இங்கதான் இருக்கான். அவன் பேரு"

அப்பன், பாட்டன் பெயரோடு சேர்த்துப் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயர்க்காரர் முன்வரிசையில், விருந்தாளிகளுக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்வாக்குள்ள மனிதர். விஷயம் முகாமில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அங்கே அது புரியாமல் இருந்தது கரினுக்கும் கூட வந்தவர்களுக்கும்தான். எல்லாரும் நியாருவாச்சைப் பார்த்தார்கள்.

4.

இந்த இடத்துக்கு இரண்டு வரைவுகள் வைத்திருந்தேன்.

(அ) மழை வந்தது, கூட்டம் கலைந்தது. [சோம்பேறித்தனம்.]

(ஆ) "இவர் ஓர் உள்ளூர்ப் பிரச்சினையைப் பற்றிச் சொல்கிறார்" என்று நியாருவாச் மழுப்பினாள்.

நடக்க இருந்தது (ஆ)தான். "பயந்துட்டேண்ணே," என்றாள் என்னிடம். "என் ரெண்டு பொண்ணுங்களும் அந்த ஆள் வீட்டத் தாண்டித்தான் தண்ணிக்குப் போவுதுங்க. மழுப்பிடலாம்னுதான் வாயத் திறந்தேன்."

அப்போது எழுந்தவர் புவோக்.

"சொல்லு தங்கச்சி. நான் பேசினத முழுசாச் சொன்னேல்ல? அவரு பேசினதையும் முழுசாச் சொல்லு."

நியாருவாச் சொன்னாள். அந்த ஆளின் பெயர், அப்பன் பெயர், பாட்டன் பெயர், எல்லாவற்றையும் ஆங்கில வாக்கியத்துக்குள் வைத்துச் சொன்னாள். "யார் அது?" என்று கேட்டார் கரின். நியாருவாச் முகவாயால் காட்டினாள். அந்த மனிதர் எழுந்து, நாற்காலியை ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு, நடந்து போனார்.

5.

சோளம் வந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நியாருவாச் பெண்களோடு புவோக் வீட்டுக்குக் குடிபெயர்ந்தாள். வாசலில் புவோக்கும் காட்வெச்சும் மாறி மாறிக் காவல் இருக்கிறார்கள். உண்மையில் மாறுவதில்லை, தப்பு யாருடையது என்ற சண்டை முடியாததால் இருவருமே எழுந்து போவதில்லை. "கொஞ்சம் மெதுவாத்தான் கத்துங்களேன்" என்று அவள் உள்ளேயிருந்து சொல்வது என் பம்பு வரைக்கும் கேட்கிறது.

தலைநகர் ஜூபாவுக்கு மாற்றல் தருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். விமானம் வெள்ளிக்கிழமை. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். நியாருவாச் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. முடிவும் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள். அவளை விமானத்தில் ஏற்றினால், அடுத்து ஒருவர் எழுந்து ஒரு பெயரைச் சொல்லும்போது அதை யார் மொழிபெயர்ப்பது என்றும் எழுதுங்கள். இங்கேயே இருக்க வைத்தால், அந்த இருவரும் அசந்து தூங்கும் நேரத்தில் வாசலில் யார் உட்கார்ந்திருப்பது என்பதையும்.