சாவி ஓட்டை ஒச்சப்பன்

எரியோட்டுப் பஞ்சுமில்காரர் சோலைமலையின் கதவைத் தோட்டா துளைத்தது. கிணற்றுத் தகராறில் பக்கத்துத் தோட்டத்து ஒச்சப்பன் தன்னைக் கொல்லப் பார்த்தான் என்று அவர் புகார் கொடுத்தார். காட்டுப்பன்றி விரட்ட ஒச்சப்பன் லைசென்ஸ் எடுத்திருந்த பழைய ரைபிள் பறிமுதல். ஆள் திண்டுக்கல் லாக்கப்பில். சுவரில் சிக்கிய தோட்டாவும் அவன் வழக்கமாக வாங்கும் நீளத் தோட்டாதான். ஜெயில் நிச்சயம் என்றது ஊர்.

அவன் மனைவி அங்காளம்மாள் ஸ்டேஷனுக்கு வந்தாள். அழவில்லை. இன்ஸ்பெக்டர் ஜெகபர் அலியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கதவுல ஓட்டை எப்பிடிங்கய்யா இருக்கு?"

"உருண்டையா."

"அப்ப அவரு சுடலைங்கய்யா. அவருக்கு ஊருல பேரே சாவி ஓட்டை. அவரு சுட்டா திண்டுக்கல் பூட்டுல இருக்கிற மாதிரி நீளமாத்தான் ஓட்டை விழும். பன்னிகூடச் சிரிச்சுட்டுப் போகும்."

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். பட்டாளத்தில் இருந்து வந்த ஜெகபர் அலி சிரிக்கவில்லை. துடைக்கும் கம்பியில் துணியை இறுகச் சுற்றி ரைபிள் குழலுக்குள் தள்ளினார். உள்ளே திருகாணி மாதிரி வெட்டியிருந்த புரிகள் கம்பியைத் திருப்ப வேண்டும். அது சோம்பலாகத் திரும்பியது.

"பம்பரம் மாதிரிதான்மா. வேகமாச் சுத்துனா நிமிர்ந்து நிக்கும், இல்லேன்னா தலையாட்டும். தோட்டா நீளமாக நீளமா இன்னும் வேகமாச் சுத்தணும். இந்தப் புரி குட்டைத் தோட்டாவுக்குத்தான் போதும். நீளத் தோட்டா போட்டா புரண்டு படுத்துத்தான் போகும்."

ஸ்டேஷன் பின்புறம் பலகையை நிறுத்தி, புகாரில் சொன்ன தூரத்தில் நின்று, நீளத் தோட்டாக்களைச் சுட்டார். எல்லாமே சாவி ஓட்டை.

அப்படியானால் சோலைமலை கதவில் பாய்ந்தது வேகமாகச் சுழற்றும் நெருக்கமான புரியுள்ள, புது ரக ரைபிளின் தோட்டா. அதே தோட்டா போடும் புது ரைபிள் ஊரில் யாரிடம் இருக்கிறது? லைசென்ஸ்படி ஒருவரிடம்தான். சோலைமலையிடம்.

அதை வரவழைத்து அதே பலகையில் சுட்டார் இன்ஸ்பெக்டர். உருண்டை ஓட்டை. பார்த்துக்கொண்டிருந்த சோலைமலை, ஒச்சப்பன் உள்ளே போனால் கிணறு தனக்கென்று கணக்குப் போட்டுத் தன் கதவைத் தானே சுட்டதை ஒப்புக்கொண்டார்.

மாலையில் ஒச்சப்பன் வெளியே வந்தான். இனிமேல் குட்டைத் தோட்டா வாங்கச் சொன்னார் ஜெகபர் அலி.

"வாங்குறோங்கய்யா," என்றாள் அங்காளம்மாள். "ஆனா பேரை மட்டும் மாத்த மாட்டேன். எங்க லாக்கப்பைத் தொறந்ததே அந்த ஓட்டைதான்."