நெஜ்மி ஆகாவின் நடுக்கம்

கரி வியாபாரி நெஜ்மி ஆகா ஜனவரி மாதம் செத்துப்போனார். அவரை மண்ணில் வைத்தது ஜூன் மாதம். இடைப்பட்ட காலம் முழுவதும் பள்ளிவாசலை ஒட்டிய மையித்துக் குளிப்பாட்டும் அறையில், கஃபன் துணிக்குள், குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். செத்தவர்தான், அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அரசு மருத்துவர் வந்து பார்த்தார். மூச்சு இல்லை, நாடி இல்லை. பற்கள் மட்டும் தந்தியடித்துக்கொண்டிருந்தன. மருத்துவர் இறப்புச் சான்றில் கையெழுத்துப் போட்டார், பிறகு தன் கழுத்தில் கிடந்த கம்பளித் துண்டை எடுத்து அவர் மேல் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

துருக்கியின் கிழக்கே எங்கள் கார்ஸ் மேட்டுநிலத்தில் அக்டோபரில் ஏற்றிய கணப்பை மே மாதம்தான் அணைப்போம். ஆகவே கரியைப் பார்த்து வாங்க எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு கட்டிகளை ஒன்றோடொன்று தட்டினால் நல்ல கரி கண்ணாடிபோலக் கிணுங்கும், மட்டக் கரி மண்சட்டிபோல மொத்தென்று கேட்கும். நல்லது உடைத்த இடத்தில் மின்னும். கெட்டதைத் தேய்த்தால் பழுப்பாகக் கோடு விழும், எரிகையில் அழுகின முட்டை நாறும். சாம்பல் மாவாக உதிர்ந்தால் காசு வீண்போகவில்லை. போட்ட உருவம் மாறாமல் கல்லாகவே வெளியே வந்தால் ஏமாந்தாயிற்று. இவ்வளவும் தெரிந்து என்ன பயன்? நெஜ்மி ஆகா கரியைத் தைத்த மூட்டையாகத்தான் விற்பார். அதன் மேல் ருஷ்யக் கரி என்று நீல எழுத்தில் அச்சடித்திருக்கும். பிரித்துக் காட்டச் சொன்னால், "கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு முக்காட்ட விலக்கிப் பாப்பியா நீ?" என்பார். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், கேட்டவனும் அசடு வழியச் சிரித்துவிட்டு மூட்டையைச் சறுக்குவண்டியில் ஏற்றுவான். வீட்டில் பிரித்தால் மேலே கைநிறைய மின்னும் கட்டி, நடுவில் கல், அடியில் எடைக்காகத் தண்ணீர் தெளித்து உறையவைத்த தூள். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நெஜ்மி ஆகாவின் கரி நெருப்பில்லாமலே புகையும். பனி விழுந்து கணவாய் மூடிவிட்டால் ஊரில் வேறு கரிக்கடையும் கிடையாது.

செஃபெர் எங்கள் ஊர் ரொட்டிக்காரன். நெருப்போடு பிறந்தவன் என்று அவனைச் சொல்வோம். ஊரே போர்வைக்குள் கிடக்கும்போது எழுந்து அடுப்பேற்றுவான். அடுப்புக்குள் கையை நீட்டி, தோலில் படும் சூட்டை வைத்தே மாவைத் தள்ளலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவான். அவன் மனைவி குல்பெயாஸ் ஊருக்குள்ளேயே இருந்த தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த ஒரு நாள், கணவாய் மூடிக் கிடந்ததால், வேறு வழியில்லாமல் நெஜ்மி ஆகாவின் மூட்டையை வாங்கி வந்து வீட்டுக் கணப்பில் போட்டான். ஈரத்தூள் கனன்று கனன்று விஷப்புகையைக் கக்கியது. காற்றும் திசைமாறிப் புகைபோக்கிக்குள்ளேயே திருப்பி ஊதியது. குல்பெயாஸ் திரும்பி வந்தபோது அவன் சாய்வுத்திண்டில் தலைவைத்துப் படுத்திருந்தான், கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. தூங்குகிறான் என்று நினைத்து, சத்தம் வராமல் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அந்தத் தண்ணீர் கொதித்து வற்றும்வரை யாரும் அதை இறக்கவில்லை.

இதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் குளிர்காலம் ஆளை எடுப்பது புதிதல்ல. ஆனால் நெஜ்மி ஆகாவுக்கு வாய் சும்மா இருக்காது. செஃபெரை அடக்கம் செய்த ஈரம் காயுமுன் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னார்: "கரியில என்னப்பா குத்தம்? ஊருக்கே ரொட்டி சுட்டவன், சொந்த வீட்டுக் கணப்பப் பத்தவைக்கத் தெரியாம செத்துட்டான். மட்டமா இருந்தது என் கரியா, அவன் புத்தியா?" ஒரு ரொட்டிக்காரனைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது. அவன் உயிரைக் கரி எடுத்தது, பெயரை அந்தச் சொல் எடுத்தது. அடுத்த வாரமே சின்னப் பிள்ளைகள் தெருவில் அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டு ஓடினார்கள்.

பெண்கள் தேநீர்க் கடைக்குள் வரும் வழக்கமில்லை. குல்பெயாஸ் வாசலில் வந்து நின்றாள், நிலைப்படியைத் தாண்டவில்லை.

"ஆகா, நீங்க கரிய மாத்தித் தர வேணாம். சொன்ன சொல்ல மட்டும் எடுத்துக்குங்க. இங்கயே, இவங்க முன்னாடியே."

நெஜ்மி ஆகா தேநீரை ஆற அமரக் குடித்து முடித்தார். "வித்த மூட்டையையும் சொன்ன சொல்லையும் திரும்ப எடுக்கற வழக்கம் நம்ம கடையில இல்லம்மா."

கடை சிரித்தது. அவள் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளே ரொட்டி அடுப்பை ஏற்றினாள்; ஊருக்கு ரொட்டி தந்தாள், சலாம் தந்தாள், சில்லறை தந்தாள். நெஜ்மி ஆகாவின் வீட்டுக்கும்கூட ரொட்டி போயிற்று, ஒருநாளும் கருகினதில்லை. அடக்கமான பெண் என்று ஊர் மெச்சிக்கொண்டது. ஊருக்கு என்ன தெரியும்? சாம்பல் மூடின நெருப்பைத் தணிந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தானே நாங்கள்.

இப்படி இரண்டு குளிர்காலம் போன பிறகுதான் நெஜ்மி ஆகா, உப்புக்கண்டம் போட்ட வாத்துக்கறியும் கோதுமைச் சோறும் உண்டுவிட்டு, ஏப்பம் விட்டபடியே சாய்ந்து செத்தார். நல்ல சாவுதான். மறுநாள் மதியம் பள்ளிவாசல் முற்றத்தில் சந்தூக்குப் பெட்டியை இறக்கி ஜனாஸா தொழுகை முடித்தோம். இமாம் மூஸா ஹோஜா வழக்கப்படி ஜனங்கள் பக்கம் திரும்பி, இவரை எப்படிப்பட்டவராக அறிந்தீர்கள் என்று கேட்டார். நல்லவராக அறிந்தோம் என்றோம். செத்தவனைப் பற்றி வேறென்ன சொல்வது. இவர் மேல் உங்களுக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுத்துப் பொருந்திக்கொண்டீர்களா என்று அடுத்துக் கேட்டார். அவர் மூட்டையில் வந்த கல்லை ஆளாளுக்கு வீட்டில் குவித்து வைத்திருந்த ஊர், ஒரே குரலில் "பொருந்திக்கிட்டோம்" என்றது. அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம், பெண்கள் நிற்கும் இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் பொருந்திக்கல."

சந்தூக்கின் மூடி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. தூக்க நின்றவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். மூஸா ஹோஜா பயந்த சுபாவம். ஆனாலும் கடமை தவறாதவர். எட்டிப் பார்த்து, நடுங்குகிறார் என்று எங்களுக்குத் தெரிவித்துவிட்டு, மதிலைப் பார்த்து இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் கேட்டார்.

"எத்தன தடவ கேட்டாலும் கரி ஈரம்தான் ஹோஜா," என்றாள் குல்பெயாஸ்.

ஜனவரியில் எங்கள் மண்ணை அப்படியே தோண்ட முடியாது. கபர் வெட்டும் இடத்தில் கரியைக் கொட்டி எரியவிட்டு, மண் இளகியதும்தான் கடப்பாரை போடுவார்கள். அப்பாவுக்குக் குறை வைக்கக்கூடாது என்று மகன் ஹாலித், தன் கிடங்கிலிருந்தே மூட்டைகளை அனுப்பினான். அவையும் நீல எழுத்து மூட்டைகள்தான். குழிவெட்டி இத்ரிஸ் எண்ணெய் ஊற்றினான், விறகு சொருகினான், ஊதி ஊதிக் கண் சிவந்தான். கரி வெடித்துக் கல் தெறித்தது, புகைந்தது, அணைந்தது. அடியில் இருந்த பனிகூட உருகவில்லை. "ஹாலித், மண்ண வெச்சு மண்ண இளக்க முடியாதுப்பா," என்று சொல்லி இத்ரிஸ் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டான். அப்பாவின் கபரில் எல்லோர் முன்னாலும் முகத்தில் கரி பூசினதுபோல் ஆயிற்று ஹாலித்துக்கு. கணவாய் திறந்த அன்றே வெளியூரிலிருந்து அசல் கரி வரவழைத்தான். அது ஜம்மென்று எரிந்தது, சுற்றிலும் சேறானது. நெஜ்மி ஆகாவின் நீளமும் அகலமும் உள்ள துண்டு மட்டும் இரும்பாகவே கிடந்தது. இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். அந்தத் துண்டும் கூடவே இடம் மாறியது.

ஆகவே மையித்து குளிப்பாட்டும் அறையிலேயே இருந்தது. நடுங்குகிறவரை வெறுமனே விட மனம் வராமல் மூஸா ஹோஜா அங்கே ஒரு கணப்பைப் போடச் சொன்னார். அங்கிருந்துதான் விஷயம் ஆரம்பித்தது. ஹாலித்தின் கரியைப் போட்டால் கிழவர் பலகை அதிர நடுங்கினார். இத்ரிஸ் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கரிக்கு அரைகுறையாக நடுங்கினார். வெளியூர்க் கரிக்குப் பல் தந்தியடிப்பது மட்டும் லேசாகக் கேட்டது. இதை முதலில் கவனித்தவள் பள்ளிவாசலைக் கூட்டும் பெண். இரண்டாம் நாள் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை. பெண்கள் வாளியில் தங்கள் கரியை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "என் வீட்டுக்கரிக்குக் கால் மட்டும்தான் ஆடுச்சு" என்று ஒருத்தி பெருமையாகச் சொல்வாள், "உன் கரிக்கு அவரு பலகையவிட்டே விழுந்தாருடி" என்று இன்னொருத்தி இடிப்பாள். மூஸா ஹோஜா, மையித்தை இப்படிச் செய்வது பாவம் என்று ஒரு வெள்ளிக்கிழமை பிரசங்கம் செய்தார். அடுத்த வாரம் பள்ளிவாசலுக்கு வாங்கிய கரியில் சந்தேகம் வந்து, அவரே ஒரு வாளியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உயிரோடிருந்தபோது ஒரு மூட்டையைப் பற்றியும் உண்மை பேசாத மனிதர், செத்தபிறகு எல்லா மூட்டையைப் பற்றியும் உண்மையைச் சொன்னார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. வந்ததாகச் சொன்னவர்களும் வாளியோடுதான் வந்தார்கள்.

ஹாலித்தின் வியாபாரத்தை அவன் அப்பாவே காலிசெய்தார். லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பிடி அறைக்குள் போகும். உள்ளேயிருந்து பலகை தடதடக்கும். வாங்க வந்தவர்கள் கலைந்துபோவார்கள். கடைசியில் ஹாலித் சல்லடை போட்டுச் சலித்து, கல் பொறுக்கி, தூளைத் தனியே ஒதுக்கி, கட்டிக் கரியை மட்டும் வாய் திறந்த சாக்கில் விற்கத் தொடங்கினான். குல்பெயாஸ் மட்டும் வாளியோடு வரவில்லை. ரொட்டிக்கடைக்கும் குளிப்பாட்டும் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். மாவு பிசைந்துகொண்டே அந்தப் பல் சத்தத்தைக் கேட்பாள். அது ஓய்ந்து கேட்கும் நாட்களில், ஹாலித்தின் பழைய நீல எழுத்து மூட்டையில் மிச்சமிருந்ததை ஒரு தட்டில் அள்ளி, பள்ளிவாசலைக் கூட்டும் பெண்ணிடம் கொடுத்து, "கணப்பு அணையப்போவுது பாரு, இதப் போடு" என்பாள்.

ஏப்ரலில் பனி உருகி நாரைகள் வந்தன. மே மாதம் புல் முழங்காலுக்கு வளர்ந்தது. ஜூனில் மேய்ச்சல் நிலத்துக்கு மாடு போயிற்று. கபரஸ்தானில் அந்த ஒரு துண்டு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது, குளிப்பாட்டும் அறையில் வெயில் கொளுத்துகையிலும் நடுக்கம் நிற்கவில்லை. ஹாலித், மூஸா ஹோஜாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரொட்டிக்கடைக்கு வந்தான்.

"அண்ணி, போதும் அண்ணி. அவரும் மனுசன்தானே. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்."

"எங்க சொன்னாரோ அங்க போய்ச் சொல்லு."

அவன் போனான். தேநீர்க் கடை நடுவில் நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான். "செஃபெர் அண்ணனுக்குக் கணப்புப் பத்தவைக்கத் தெரியும். இந்த ஊர்ல அவரவிட நெருப்புத் தெரிஞ்சவன் இல்ல. எங்கப்பாதான் ஈரத்தூள வித்தாரு. நானும்தான் தண்ணி தெளிச்சேன்." ஒன்றையும் விழுங்காமல் முழுதாகச் சொன்னான். நிலைப்படிக்கு வெளியே நின்ற குல்பெயாஸ் கடைசிவரை கேட்டாள். அவள் அழுததை அன்றுதான் பார்த்தோம். மனம் இளகிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று ஆளுக்கொரு பெருமூச்சு விட்டோம். அவள் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி தெளிச்சதுக்கு உன்ன மன்னிச்சேன் தம்பி. கரி வித்ததுக்கு உங்கப்பாவ நான் பொருந்திக்கிட்டேன். ஹோஜா சாட்சி."

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது பண்ணட்டும் அண்ணி."

"சொன்ன சொல்லுக்குப் பொருந்திக்கல. அத நீ சொல்லலையே. சொன்ன வாய்தான் திரும்ப எடுக்கணும்."

அன்று மாலை இத்ரிஸ் கடப்பாரை போட்டான். மண் விட்டுக்கொடுத்தது. ஆனால் பாதி ஆழம்தான். அதற்குக் கீழே கடப்பாரை முனை மழுங்கியது. பாதிப் பொருத்தத்துக்குப் பாதிக் குழி, இருப்பது இவ்வளவுதான் என்று அதிலேயே நெஜ்மி ஆகாவை வைத்து மூடினோம்.

ஊருக்குக் கரி வாங்கும் கவலை இப்போது அவ்வளவாக இல்லை. ஹாலித்தின் கரி கண்ணாடிபோலக் கிணுங்குகிறது. நெஜ்மி ஆகாவின் கபர் மேல் மட்டும் ஆகஸ்டிலும் விரலளவு பனி உறைந்திருக்கும். கோடைக்கல்யாணங்களுக்கு வெண்ணெயையும் மோரையும் அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறோம். ஹாலித் வீட்டாரும் வைக்கிறார்கள். குல்பெயாஸ் வருஷம் தவறாமல் கோடையில் ஒரு நாள் போவாள். முதலில் புருஷனின் கபரில் களை பிடுங்கித் தண்ணீர் ஊற்றுவாள். பிறகு நெஜ்மி ஆகாவின் தலைமாட்டில் ஒரு தர்பூசணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க ஆகா, கேக்கறேன்" என்பாள். வெயில் சாயும்வரை, மரியாதையாக, காத்திருப்பாள். மண்ணுக்குள்ளே பல் தந்தியடிக்கும் சத்தம் தவிர வேறொன்றும் வராது. போன கோடையிலும் வரவில்லை. தர்பூசணி நன்றாகக் குளிர்ந்திருந்தது. எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள்.