வாலோடு வந்த எண்கள்

அன்று காலை ஊரிலிருந்த அத்தனை தண்ணீரும் விஷம் என்று சாதித்தது கணினி.

குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் புது இயந்திரம் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு தொட்டித் தண்ணீரிலும் ஈயம் எவ்வளவு என்று அளந்து அது கோப்பில் எழுதும். அதைப் படித்து, வரம்பை மீறியதைச் சிவப்பாக்குவது பழைய நிரலின் பாடு. திரை முழுக்கச் சிவப்பு. வேதியியலாளருக்குத் தலை சுற்றியது. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு குழாயும் திறக்காது என்பதால் கூடத்தில் அவருக்குக் கையெழுத்தம்மா என்றே பெயர்.

மேலாளர் ஒரே ஒரு தொட்டியைப் பழைய முறையில் சோதிக்கச் சொன்னார். தண்ணீர் சுத்தம்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. எல்லாம் நல்ல தண்ணின்னு போட்டு அனுப்பிடுங்கம்மா."

கையெழுத்தம்மா பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க அண்ணி" என்றாள், அங்கேயே நிரல் எழுதும் அவருடைய தம்பி மனைவி. வீட்டில் முட்டிக்கொள்வது போதாதென்று வேலையிலும் வந்து சேர்ந்தாளே என்று அவருக்கு உள்ளூரப் புழுக்கம்தான். இருந்தாலும் பேனாவை வைத்தார்.

"மெஷின் 4.1e-3ன்னு எழுதுது. அந்த வாலுக்கு, புள்ளியை மூணு இடம் இடப்பக்கம் தள்ளுன்னு அர்த்தம். கோப்புல எண்ணைத் தேடிப் பிடிக்க நம்ம நிரல்ல இருக்கிற ரெகெக்ஸ் வரிக்கு இலக்கமும் புள்ளியும்தான் தெரியும். e வந்ததும் நின்னுடுது. 0.0041ஐ வெறும் 4.1ன்னு படிக்குது."

பேசிக்கொண்டே தட்டினாள்:

[+-]?\d+(\.\d+)?([eE][+-]?\d+)?

"கடைசியில கேள்விக்குறி எதுக்கு?" என்று கேட்டார் கையெழுத்தம்மா.

"வால் இருந்தா சேர்த்து எடு, இல்லேன்னா விட்டுடு. வாலில்லாத எண்ணும் எண்தானே, அதைத் தள்ளிடக் கூடாதுல்ல."

கையெழுத்தம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் எந்தக் கோலத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ள ஒரு வரியில் இடம் வைத்திருக்கிறாளே இவள்! பொறாமைகூட வரவில்லை, பெருமையாக இருந்தது.

நிரல் ஓடியது. சிவப்பெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையானது.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் மேலாளர்.

ஒரு வரி மட்டும் மாறவில்லை. தொடக்கப் பள்ளித் தொட்டி: 2.3e-2, அதாவது 0.023. வாலையும் சேர்த்துப் படித்த பிறகும் அது வரம்பான 0.01ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கையெழுத்தம்மா பள்ளிக்குப் போன் செய்தார். "குழாயை உடனே பூட்டுங்க. ஒரு பிள்ளையும் குடிக்க வேண்டாம்." மறுமுனையில் இடைவேளை மணியும், திமுதிமுவென்று ஓடிவரும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. பூட்டியாயிற்று என்று சொல்லும்வரை அவர் போனை வைக்கவில்லை.

பிறகு தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இருங்கன்னு சொல்லலேன்னா, குடிங்கன்னு நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்ம்மா."