ஒட்டாத தண்ணீர்

அனுமந்தன்பட்டியில் சுருளியாண்டி தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் போன ஆடியில் நனைப்பதை நிறுத்தியது. வாளிக்குள் கைவிட்டால் கை காய்ந்தே வெளியே வந்தது. பாத்தியில் பாய்ச்சினால் சேம்பிலையில் உருளுகிற மாதிரி மண்மேல் உருண்டோடியது. தண்ணீருக்குள் கிடந்தே திராட்சைக் கொடியின் வேர் வறண்டது. மேல்புறத்தில் ஒட்டாத தோசைக்கல்லுக்குப் பூச்சு போட்ட பட்டறை ஒன்று, கழிவையெல்லாம் குழிவெட்டி இறக்கிவிட்டு மூடிப்போயிருந்தது. பன்னீர் திராட்சை பிஞ்சு விட்டிருந்த நேரம். அது கருகினால் தோட்டம் கைமாறும் என்பது அவருக்கும் தெரியும், பெண்டாட்டி ராஜாத்திக்கும் தெரியும்.

தண்ணீரைச் சுத்தம் பண்ணத் தேனியிலிருந்து ஜெபஷீலா வந்தாள். அதே தோசைக்கல்லை விற்ற பாத்திரக்கடைக்காரர் மகள், வேதியியல் படித்தவள். சிமெண்டுத் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, உலோகத் தகடுகளை இறக்கி வீட்டு லைனிலிருந்து கரண்ட் கொடுத்தாள். "இந்தப் பூச்சு மருந்து கொதிக்க வச்சாலும் போகாது, கிருமியும் திங்காது. கரண்டுதான் இதோட கட்ட அவுக்கும். பாதியில விட்டா துண்டுதுண்டாப் போயி, அப்புறம் பிடிக்கவே முடியாது. மோட்டாரு ஆட்டோ ஸ்விட்ச ஆப் பண்ணிட்டீகளாண்ணே?"

"அதெல்லாம் அப்பவே ஆச்சு ஆத்தா" என்றார் சுருளியாண்டி. ஆகவில்லை. மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் ஆட்டோ ஸ்விட்சை அணைக்கிற பழக்கம் எவனுக்கும் கிடையாது. மும்முனை வந்ததும் மோட்டார் தானாக ஓடும்.

தொட்டி நுரைத்துக்கொண்டிருக்கும்போதே மும்முனை வந்துவிட்டது. மோட்டார் உறுமியது. கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்குள் கொட்ட, பாதி சுத்தமானது வழிந்து வாய்க்காலில் இறங்கியது. ஜெபஷீலா தகட்டு வயரைப் பிடுங்கினாள். மோட்டார் ரூம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். "எறங்காதீக!" என்று ராஜாத்தி கத்துவதற்குள் சுருளியாண்டி தாவினார். இடது கால் வாய்க்காலுக்குள் போய்விட்டது. நொண்டிப்போய் மோட்டாரை நிறுத்தினார்.

வழிந்த தண்ணீர் பாய்ந்த ஒரு வரிசைக் கொடியைப் பிஞ்சோடும் மண்ணோடும் ராஜாத்தியே வெட்டியெடுத்தாள். மெயினை அணைத்து, ஆட்டோ வயரை அரிவாளால் அறுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒங்க பேச்சக் கேட்டா வெள்ளாம வெளங்கிரும்." மெயினைப் போட்டு, கையால் மோட்டாரை ஓட்டி மறுபடி தொட்டியை நிரப்பினார்கள். இந்தத் தடவை நுரை அடங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. ஜெபஷீலா தலையசைத்ததும் முந்தானையை முக்கினாள். சேலை கறுத்துக் கனத்தது. கொடியடியில் பிழிந்தாள். மண் உறிஞ்சியது.

மிச்சக் கொடிகள் பழுத்தன, தோட்டம் கைமாறவில்லை. சுருளியாண்டியின் இடது கால் மட்டும் அதற்குப் பிறகு நனையவில்லை, மழையிலும்கூட. குளித்துவிட்டு வந்தால் சிமெண்டுத் தரையில் வலது காலின் ஈரத்தடம் மட்டும் பதியும். ராஜாத்தி அதைத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.