ஓரம் மட்டும் உறைந்தது

தம்பி மறுபடியும் ஃப்ரீசரிலிருந்து டப்பாவை வெளியே எடுத்து முள்கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் மட்டும்தான் பனி. நடுவில் மாம்பழக் கூழும் பாலேடும் கொழகொழவென்று ஆடின. சலூனில் நாளெல்லாம் தலை தலையாக முடி வெட்டுகிற கைக்கு இந்த ஒரு டப்பா அடங்க மாட்டேன் என்றது.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. நேற்றிலிருந்து எதுவும் இறங்கவில்லை. காலையில் வந்த நர்ஸ் அவனைத் தனியே கூப்பிட்டு, "இன்னிக்குத் தாண்டறது கஷ்டம். கேட்டதக் குடுங்க. ஜில்லுனு இருந்தா நாக்குல வைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா கேட்டது ஐஸ்கிரீம். கடையில் வாங்கினது வேண்டாமாம், அதில் பழமே கிடையாதாம். வெயில் நாட்களில் தையல் மெஷினை மூடிவிட்டு அவளே செய்வாள். இன்று கட்டிலில் கிடந்தபடி, காற்று மட்டுமே வருகிற குரலில் மேற்பார்வை.

"ஆச்சாடா?"

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா."

"சும்மா சும்மா ஃப்ரீசரத் திறக்காத. உறையாது."

"நான் எங்க சும்மா திறந்தேன்?"

"அப்ப நானா எந்திரிச்சுப் போய்த் திறந்தேன்?" சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அதற்கு மேல் அவன் எதையும் கேட்கவில்லை. டப்பாவை உள்ளே வைத்துவிட்டு அவளருகே உட்கார்ந்தான். சற்று நேரத்தில் ஃப்ரீசர் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எரிச்சலோடு எழுந்து போனான்.

அக்காவின் புருஷன், அவனுடைய மாமா, ஃப்ரீசருக்குள் முகத்தை நுழைத்தபடி நின்றிருந்தார். டப்பாவைத் தொடவே இல்லை. தோள் குலுங்கியது. ஃப்ரிட்ஜ் இரைச்சலில் அழுகைச் சத்தம் அமுங்கிவிடும் என்று நினைத்திருப்பார். அந்தச் சின்ன வீட்டில் மனிதருக்கு அழ வேறு இடமில்லை.

தம்பிக்கு ஆத்திரமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. வாயைத் திறந்தால் எது முந்துமோ என்று பயந்து, வெறுமனே செருமினான். மாமா திடுக்கிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உறைஞ்சிருச்சான்னு பாத்தேன்."

"ஒண்ணு பண்ணுங்க மாமா. இனிமே நீங்களே அடிங்க. நான் அக்காகிட்ட இருக்கேன்."

கையில் முள்கரண்டி வந்ததும் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். அப்புறம் அந்தக் கதவு அநாவசியமாகத் திறக்கவில்லை.

வெயில் சாய்கிற நேரம் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"கொண்டு வர்றாரா?"

"இதோ வந்துட்டாருக்கா."

மூச்சு ஒன்று நீளமாக வந்தது. அடுத்த மூச்சுக்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை.

மாமா கிண்ணத்தோடு வேகமாக வந்தார். "கரண்டி நிக்குது மச்சான்! அப்படியே நிக்குது பாரு. எழுப்பு எழுப்பு, உருகிடப் போகுது."

தம்பி அக்காவின் முகத்தைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டான்.

"இப்பதான் கண்ணசந்தா மாமா. கொஞ்சம் தூங்கட்டும்."

"அப்படியா? சரி சரி, எழுப்பாத." மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள வச்சிடறேன். எந்திரிச்சதும் குடுக்கலாம்."

நுனிக்காலில் நடந்து போனார். சமையலறையில் குழாய் திறந்தது. முள்கரண்டியைக் கழுவினார், பிறகு தொட்டியில் கிடந்த பாத்திரங்களையும் ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தார். தம்பி அக்காவின் கையை விடாமல், தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தான்.