ஆறு வார்த்தைகள் பாக்கி

புத்தகத்தின் முதல் வாக்கியத்திலேயே அத்தை நின்றுவிட்டார். மன்னரின் தாராள குணத்தை மக்கள் புகழ்ந்தார்கள் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

“எந்த ராஜா?”

எந்த ராஜாவும் இல்லை, வார்த்தையை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட ஒரு உதாரணம், அவ்வளவுதான் என்றேன்.

“அப்போ பொய்.”

பொய்யில்லை, உதாரணம் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

அத்தை என் மனைவியின் அம்மா. மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. காய்ச்சல், ஆறு நாள். மாமா அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டார். அதே மூன்றாவது மாடியில், அதே இரண்டு அறைகளில் அத்தையும் நானும் இருக்கிறோம். யார் வீட்டில் யார் இருக்கிறோம் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அத்தைக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. இஸ்திரி போட்டு வரும் படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக மடிக்கிறார். இப்போது தானே இஸ்திரி போட்டுத் தானே மடிக்கும் இயந்திரம் வரப்போகிறது. அது வந்ததும் மடிக்கிறவர்கள் எல்லாரும் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். அங்கே வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியை மூட்டை பிரித்துத் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்கக் குனிய வேண்டும். அத்தையின் இடுப்பு அதற்கு ஒத்துவராது. ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

ஒரே ஒரு வழி இருந்தது. மேற்பார்வையாளர் பதவி காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் வார்டுகளுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும், எந்த விரிப்பு கிழிந்து வந்தது, எந்த மூட்டையில் ஊசி கிடந்தது என்று. அதற்காக ஒரு பரீட்சை. நிர்வாக அதிகாரி எங்கேயோ ஒரு புத்தகம் பிடித்திருந்தார். இருநூறு உயர்நிலை ஆங்கில வார்த்தைகள். இருபது வார்த்தை வரும். பொருள் எழுதினால் இரண்டு மதிப்பெண், சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் மூன்று. புத்தகத்தில் உள்ள வாக்கியத்துக்குப் பூஜ்யம். அறுபது எடுத்தால் தேர்ச்சி.

துணி துவைக்கிற இடத்தில் கிளான்டெஸ்டின் என்ற வார்த்தைக்கு என்ன வேலை என்று யாரும் அந்த அதிகாரியைக் கேட்கவில்லை.

பேனாவை மூடியவர் அரை மணி நேரம் கழித்து மறுபடி திறந்தார். ஒரு நிபந்தனை சொன்னார். நடந்ததைத்தான் எழுதுவார். அதுவும் அவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

நான் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் கையேடு எழுதுகிறேன். வால்வைத் திறக்கவும். அழுத்தத்தைக் கவனிக்கவும். என் வாக்கியங்களில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். அத்தையின் வாக்கியங்களில் ஆட்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

இருநூறு வார்த்தைகளையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். கண்ணில் பட்ட வார்த்தைக்கு ஒரு கோடு. முதல் வாரத்தில் நாற்பது போனது. மெட்டிகுலஸ் என்றால் ஒன்றுவிடாமல் கவனமாகச் செய்வது என்றதும், தான் மடிக்கும் விதத்தையே எழுதிக்கொண்டார். கிளான்டெஸ்டின் என்றால் திருட்டுத்தனமாக என்றதும், வார்டில் ஒளித்துவைத்த பிஸ்கட் தலையணை உறைக்குள் வந்ததை எழுதினார். அந்தப் புத்தகத்தை எழுதியவர் இதையெல்லாம் பார்த்திருந்தால் ராஜாவை விட்டிருப்பார்.

ஆல்டர்கேஷன் என்ற வார்த்தைதான் பிடிகொடுக்கவில்லை. வாய்த்தகராறு. அதைப் பார்ப்பதற்காக அத்தை நான்கு மாலை பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்.

“எல்லாரும் வரிசையில ஒழுங்கா நிக்கிறாங்க மாப்பிள்ள. ஒருத்தர் கால ஒருத்தர் மிதிக்கக்கூட மாட்டேங்கிறாங்க.”

ஐந்தாம் நாள் அவரே இறங்கிவிட்டார். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்து வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரை டிரைவர் என்றே கூப்பிடுவோம். அவருடைய செருப்பு அலமாரி படிக்கட்டுப் பக்கம் அரையடி நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்பது வருடமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அத்தை கதவைத் தட்டி அதைக் கேட்டார். டிரைவருடைய குரல் முப்பது வருடம் எஞ்சினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். பத்து நிமிடம் நடந்தது. மூன்றாவது மாடியில் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அத்தை மூச்சு வாங்க மேலே வந்து வாக்கியத்தை எழுதி முடித்தார். உடனே மறுபடி இறங்கிப் போய் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

சற்று நேரத்தில் டிரைவர் மேலே வந்தார். உங்கள் மாமியாருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று ரகசியமாகக் கேட்டார். பரீட்சை விஷயத்தைச் சொன்னேன்.

“அப்போ நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?”

மறுநாளிலிருந்து தினமும் வந்து தாளைப் பார்த்தார். எந்த வார்த்தைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டு, தன்னால் முடிந்ததைச் செய்தார். பிடிவாதக்காரர் என்பதற்கு ஒரு மாலை முழுவதும் நாற்காலியைவிட்டு எழ மறுத்தார். வாய் ஓயாதவர் என்ற வார்த்தைக்கு மட்டும் அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அத்தை அதை அவருக்குத் தெரியாமலே முடித்திருந்தார்.

என்னிடமிருந்து பதினொரு வார்த்தை கிடைத்தது. அதிகம் பேசாதவர் என்பதற்கு எழுதியிருந்த வாக்கியம் தமிழில் இப்படி வரும்: என் மருமகன் ஞாயிற்றுக்கிழமை நான்கு வார்த்தை பேசினார், அதில் இரண்டு ‘சரி’. எதிலும் ஈடுபாடில்லாமை, மாற்றமில்லாத ஒரே சுருதி, உணர்ச்சியற்ற முகம் எல்லாவற்றிலும் நான்தான். நோட்டை வாங்கி இலக்கணம் பார்த்துக் கொடுத்தேன். மற்றபடி திருத்த ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுவதற்கு ஒரு வார்த்தை இருந்தது, ப்ரோக்ராஸ்டினேட். அதற்கு அத்தை தன் பல்வலியை எழுதியிருந்தார். டாக்டரிடம் போகாமல் மூன்று வாரம் இழுத்தது. எங்கள் வாசலுக்கு வெளியே இதைவிட நல்ல உதாரணம் நின்றுகொண்டிருந்தது. என் மனைவியின் சைக்கிள், மேலே ஒரு பழைய விரிப்பு. விற்றுவிடுகிறேன் என்று டிரைவரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். அத்தை தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனார். எழுதவில்லை.

வேலை இடத்தில் அவருக்கு ஒரே போட்டி, விரிப்புக் கிடங்கில் இருக்கும் ஒரு பெண். சின்ன வயது. இருநூறு பொருளையும் கடகடவென்று ஒப்பிப்பாள். தேநீர் இடைவேளையில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓட ஆரம்பித்துவிடுவாள். அதனால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். சொந்த வாக்கியத்துக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். புத்தகத்தில் ராஜா வருகிற இடத்திலெல்லாம் மந்திரி என்று மாற்றிக்கொண்டாள். அத்தையையும் அப்படியே செய்யச் சொன்னாள். அத்தை மந்திரியையும் பார்த்ததில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தாளில் ஆறு வார்த்தைகள் கோடு விழாமல் நின்றன. ஜூபிலன்ட், எலேட்டட், யூஃபோரிக், எக்ஸிலரேட்டிங், இன்னும் இரண்டு. எல்லாமே சந்தோஷத்தில் ஏதோ ஒரு வகை. ஜூபிலன்ட் என்றால் ஆர்ப்பரித்துக் கொண்டாடுகிற, எக்ஸிலரேட்டிங் என்றால் மனத்தைத் தூக்கிப் பொங்கவைக்கிற என்று நான்தான் பொருள் சொன்னேன்.

“சந்தோஷத்துக்கு மட்டும் இத்தனை வார்த்தையா? ஒண்ணுகூட மாட்டலையே.”

தொலைக்காட்சியில் கோப்பை வாங்கிக் குதிக்கிற ஆட்டக்காரர்களைக் காட்டினேன். அவர்கள் யாரென்றே தெரியாது என்றார். டிரைவர் தனக்குப் பேத்தி பிறந்த நாளைக் கொடுக்க முன்வந்தார். அன்று நான் அங்கே இல்லையே என்றார் அத்தை. டிரைவர் விடவில்லை. ரொம்ப நாளாகச் சேர்த்துவைத்திருந்த ஒரு ஜோக்கை எடுத்து எனக்குச் சொன்னார். நான் சிரித்தேன். அத்தை கரண்டியும் கையுமாக வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“இது செல்லாது மாப்பிள்ள. பல்லு மட்டும்தான் தெரிஞ்சுது.”

பரீட்சை காலை ஒன்பது மணிக்கு. கதவைச் சரியாக ஒன்பதுக்கு மூடிவிடுவார்கள். அன்று பெரிய தெருவில் குடிநீர்க் குழாய் வெடித்துவிட்டது. எட்டரைக்கு அத்தை நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்தார். பஸ்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன, ஆட்டோகூட உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி சரிவின் அடியில் இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர். அவர் நடக்கிற வேகத்துக்கு முக்கால் மணி ஆகும். படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கீழ்த்தளமும் ஒன்றும் மோசமில்லை, வெயில் காலத்தில் குளிர்ச்சியாக இருக்கும் என்றார்.

நான் விரிப்பை எடுத்தேன்.

டயர் இரண்டும் சப்பையாகக் கிடந்தன. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். டிரைவர் டயரை அழுத்திப் பார்த்தார். உள்ளே போய்ப் பம்பை எடுத்துவந்து காற்றடித்தார். முன் பிரேக் பிடிக்கவில்லை, பின் பிரேக் கொஞ்சம் பிடித்தது. அத்தை கேரியரில் பக்கவாட்டில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

சரிவு முழுக்க இறக்கம். நின்றுகிடந்த பஸ்களை வரிசையாகத் தாண்டினோம். மூன்றாவது பஸ்ஸின் ஜன்னலில் ரேடியோ உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தாள். இறங்கி ஓடி வா என்று அத்தை அவளுக்குக் குரல் கொடுத்தார். அவள் இறங்கி ஓடிவந்தாள். டிரைவர் காற்று இறங்கிவிடும் என்று பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார்.

குழாய் வெடித்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. காலைத் தூக்குங்கள் அத்தை என்றேன். இருவரும் தூக்கினோம். நான் பெடலிலிருந்தே காலை எடுத்துவிட்டேன். சைக்கிள் தானாகப் போனது. அத்தையின் ஒரு செருப்பு கழன்று தண்ணீரில் விழுந்து, எங்களைவிட வேகமாக முன்னால் போனது.

“ஏய், நில்லு,” என்றார் அத்தை செருப்பைப் பார்த்து. அது நிற்காததும், “மாப்பிள்ள, அத முந்துங்க,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றிலிருந்து வந்தது. ஹாண்டில் ஆடியது. நிறுத்த முடியவில்லை. தண்ணீரைத் தாண்டிய பிறகும் நிற்கவில்லை.

சட்டையைப் பிடித்திருந்த கை இறுகியது. ஆஸ்பத்திரி வாசல் வரை அத்தை அதை விடவில்லை. எட்டு ஐம்பத்தேழுக்கு ஒற்றைச் செருப்போடு உள்ளே போனார். ரேடியோ எட்டு ஐம்பத்தொன்பதுக்குப் போனாள். மற்றொரு செருப்பை டிரைவர் பத்து மணிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

பத்து நாளில் முடிவு வந்தது. ரேடியோ நாற்பது. பொருளுக்கு முழு மதிப்பெண், மந்திரிகளுக்குப் பூஜ்யம். மற்றவர்கள் அவளுக்கும் கீழே. அத்தை ஐம்பத்தொன்பது.

யாரும் தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். இயந்திரம் அடுத்த மாதம் வருகிறது.

அத்தை விடைத்தாளைப் பார்க்க மனு கொடுத்தார். என்னையும் வரச் சொன்னார். அரை நாள் விடுப்பு எடுத்தேன். நிர்வாக அதிகாரியின் மேஜையில் பென்சில்கள் உயரவாரியாக அடுக்கியிருந்தன. அவர் தாளைத் திருப்பிப் பன்னிரண்டாவது விடையைக் காட்டினார். எக்ஸிலரேட்டிங். அத்தை எழுதியிருந்தது: இன்று காலை என் மருமகன் தெருவில் சிரித்தார், அது எக்ஸிலரேட்டிங் ஆக இருந்தது. மூன்றுக்கு இரண்டு. பக்கத்தில் சிவப்பு மையில், சொல்லின் பொருள் வாக்கியத்திலிருந்து விளங்கவில்லை என்று இருந்தது.

தப்பில்லை, உண்மையில் நடந்தது என்றார் அத்தை. உண்மையா என்பது கேள்வியில்லை என்றார் அதிகாரி. அத்தை என் பக்கம் கை காட்டினார்.

“சாட்சி கூட்டிட்டு வந்திருக்கேன் சார்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நீங்கள் சிரித்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன நடந்தது என்று கேட்டார். கையேட்டில் எழுதுவதுபோலவே வரிசையாகச் சொன்னேன். முன் பிரேக் பழுது. சாலையில் தண்ணீர். கால்களைத் தூக்கினோம். செருப்பு விழுந்தது. செருப்பு எங்களை முந்தியது. அதை நிற்கச் சொல்லி இவர் உத்தரவு போட்டார் என்று சொல்ல வந்தேன். முடியவில்லை. மறுபடி வந்துவிட்டது. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அத்தைக்கும் வந்துவிட்டது. அதிகாரி பென்சில்கள் உருளாமல் கையால் தடுத்துக்கொண்டார்.

“சரிம்மா. ஆனா ஒருத்தர் சிரிக்கிறதுல அப்படி என்ன இருக்கு?”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பதினாலு மாசம் ஆச்சு சார்.”

அதிகாரி என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இதையும் எழுதியிருக்கணும்மா.”

“எழுதலாம் சார். நீளமாப் போயிரும். இன்னும் எட்டு வார்த்தை பாக்கி இருந்துச்சு.”

அவர் இரண்டை அடித்து மூன்று போட்டார். கீழே கூட்டலையும் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு ஏற்றம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தோம். டிரைவர் வாசலிலேயே நின்றிருந்தார். செருப்பு அலமாரி சுவரோரம் நகர்ந்திருந்தது. அறுபது என்றதும் அவர் போட்ட சத்தத்துக்கு நாலு வீட்டுக் கதவு திறந்தது. அத்தை அவரைக் கூர்ந்து பார்த்தார். விறுவிறுவென்று மேலே ஏறினார்.

நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றிருந்தார். எக்ஸிலரேட்டிங் மேல் ஏற்கெனவே கோடு இருந்தது. இப்போது ஜூபிலன்ட் மேலும் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தார்.

“பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே அத்தை.”

“முடிஞ்சா என்ன? இன்னும் நாலு பாக்கி இருக்குல்ல.”

வெளியே வந்து பழைய விரிப்பைக் கையில் எடுத்தேன். சைக்கிளை மூடவில்லை. அத்தை அதை என்னிடமிருந்து வாங்கி, நின்ற இடத்திலேயே நான்காக, எட்டாக மடித்து, ஓரங்களைத் தடவிச் சரிசெய்து, வீட்டுக்குள் துணி அலமாரியில் வைத்தார். கீழேயிருந்து டிரைவர், முன் பிரேக்குக்குக் கட்டை வாங்கிவைத்திருக்கிறேன், ஸ்பேனர் எங்கே என்று கேட்டார். எடுத்துக்கொண்டு இறங்கினேன்.