மூன்றாவது கோப்பையில் வெந்நீர்

இராமையா தம் வாழ்நாளில் துப்பிய தேநீரை ஒரே இடத்தில் தேக்கி வைத்திருந்தால், துன்ஹிந்தவுக்குப் பக்கத்தில் இன்னோர் அருவியே விட்டிருக்கலாம். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து மூட்டை தூக்கப் போய், கடைசியில் தேயிலைத் தயாரிப்பையே மேற்பார்க்கும் ஃபேக்டரி டீமேக்கராகி ஓய்வு பெற்றவர். கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் அள்ளி, அடுத்த மலைக்குக் கேட்கும்படி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்புவதே அவருக்குத் தினமும் முதல் வேலை. அந்தப் பழக்கத்தில் உலகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்: துப்ப வேண்டியது, விழுங்கக்கூடியது. இரண்டாவது வகையில் அவருடைய தேயிலையும், மனைவி விஜயலெட்சுமியின் கருவாட்டுக் குழம்பும் மட்டுமே இருந்தன.

முதல் வகையில் புதிதாகச் சேர்ந்தது ஒரு ஹெட்போன். விலை ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

"காதுல மாட்டுற சாமானுக்கா?" என்று அவர் பசறை வீட்டின் கூரைத் தகரம் அதிரக் கத்தினார். "அந்தக் காசுக்குக் காதையே புதுசா வாங்கிரலாமேடி!"

விஜயலெட்சுமி அவர் முகத்தைப் பார்த்தபடி அமைதியாகச் சொன்னாள். "என் சேமலாப நிதிக் காசு. ஃபேக்டரியில சல்லடை மெஷின் பக்கத்துல இருபத்தெட்டு வருஷம் நின்னு சம்பாதிச்சது. டிவியில அந்த ஏழு மணித் தொடர் எனக்கு வெளங்க மாட்டேங்குது. டிவி ஸ்பீக்கர் சரியில்ல."

"செய்தி மட்டும் வெளங்குதோ?"

"செய்தி வாசிக்கிற பொண்ணு பேசுறது நல்லா வெளங்குது. இந்தி டப்பிங் தொடர்லதான் சத்தம் மோசம்."

அந்தத் தொடரை எல்லா வீட்டாரும் கேட்கும் அளவுக்கு அவள் சத்தம் வைப்பாள். மாடு பால் சுரக்க மறுக்கிறது என்று மேல்வீட்டுக்காரர் வந்து முறையிட்டார். பசறைச் சந்தியில் பஸ் ஏற நிற்பவர்கள்கூட நேற்று மாமியார் விஷம் வைத்த கதையைத் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பது இராமையாவின் வாதம். இதில் பத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கலாம்.

மனைவியிடம் நேரே வாதாடித் தோற்ற பிறகு, அடுப்படியில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுப்பது அவருடைய பழக்கம். "செவிட்டு மூதேவி, காசக் கரியாக்குது" என்று தொடங்கி, அவளுடைய அப்பன் பாட்டன்வரை போய் வருவார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பி ஏசியதில்லை. இப்படிப்பட்ட பொறுமைசாலி ஊவா மாகாணத்திலேயே கிடையாது என்று உள்ளுக்குள் பெருமைதான் அவருக்கு.

மறுநாள் காலை இருவரும் பண்டாரவளைக்குப் போனார்கள். வாங்குவதற்கென்று அவள் போனாள். கடைக்காரன் முகத்தில் கரி பூசுவதற்கென்று அவர் போனார்.

கடைக்காரர் ஹிஷாம் நாற்பது வயது மனிதர். கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு தங்கம் எடுப்பதைப்போல அந்தப் பெட்டியைத் திறந்தார். பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு துணிப்பை. பிணத்தைக்கூட இவ்வளவு மரியாதையாகக் கிடத்த மாட்டார்கள் என்று இராமையா நினைத்தார்.

"சேர், இதுட சத்தத்தைக் கேட்டுப் பாருங்க. நல்ல வார்ம். மேல பிரைட்டா இருக்கும். பாடியும் இருக்கு."

இராமையாவின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிரைட்டாம்! பாடியாம்! கோப்பையை முகர்ந்து முகர்ந்து அவர் தேயிலைக்கு வைத்த பேர்கள் அவை. யாரோ தன் கோவணத்தை அவிழ்த்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டதைப்போல அருவருப்பாக இருந்தது. துப்புவதற்குக் கடையில் இடம் தேடினார். எங்கும் பளிங்குத் தரை.

"தம்பி," என்றார், "எங்க ஃபேக்டரியில ஒரு முறை உண்டு. எந்தத் தேயிலை எந்தக் கோப்பையிலனு சொல்ல மாட்டோம். குடிச்சுத்தான் சொல்லணும். அதை இங்க செய்வோம். நாலு ஹெட்போனை வரிசையா வை. நாலாயிரம் ரூவா சாமான்ல ஆரம்பி. இவ கண்ணைக் கட்டிருவோம். விலையும் தெரியாது, பளபளப்பும் தெரியாது. காது மட்டும் சொல்லட்டும்."

"அதுக்கென்ன, சரி," என்றாள் விஜயலெட்சுமி. சீலைத் தலைப்பால் தானே கண்ணைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் திடமாக உட்கார்ந்தாள். "ஒவ்வொண்ணும் மாட்டினதும் தோளைத் தட்டுங்க, சொல்றேன்."

இராமையா கடைக்காரர் பக்கம் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம். புதிதாக நாக்குப் பழக வரும் ஆட்கள் பொய் சொல்கிறார்களா என்று பார்க்க, கோப்பை வரிசையில் ஒன்றில் வெறும் வெந்நீரை ஊற்றி வைப்பார் அவர். வெந்நீரைக் குடித்துவிட்டு "நல்ல தேயிலை சேர்" என்பவனை அன்றைக்கே கொழுந்து மூட்டை தூக்க அனுப்பிவிடுவார்.

"மூணாவதா அந்த லட்சத்துக்காரனை மாட்டு. ஆனா பாட்டுப் போடாத. ஆஃப் பண்ணிரு."

"ஐயோ சேர், பாவம் அவங்க."

"மாட்டுய்யா!"

முதலாவது மாட்டப்பட்டது. அதில் ஒரு பாட்டு ஓடியது. தோளைத் தட்டினார்கள். விஜயலெட்சுமி கடை முழுதும் கேட்கும்படி சொன்னாள்: "தூரத்துல யாரோ மேளம் அடிக்கிறாங்க. கூடவே சல்லடை மெஷின் ஓடுது."

இரண்டாவது. "இதுலயும் அதே மேளம். கொஞ்சம் கிட்ட வந்துட்டான். சல்லடையும் ஓடுது."

மூன்றாவது. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய்ப் பெறுமதியான மௌனம் அவள் காதில் ஏறியது. அவள் முகம் மலர்ந்தது. "ஆ, இதுதாங்க நல்லா இருக்கு! மேளக்காரன் போயிட்டான். சல்லடை மட்டும் ஓடுது. இதையே எடுப்போம்."

இராமையா சிரித்த சிரிப்பில் கடைக் கண்ணாடிகள் உடையாமல் போனது அதிசயம். மேசையைத் தட்டினார். தொடையைத் தட்டினார். "கேட்டியா தம்பி? வெந்நீரைக் குடிச்சுட்டு நல்ல தேயிலைங்கிறா! உன் லட்ச ரூவா வெந்நீருய்யா, வெந்நீரு!"

ஹிஷாம் சிரிக்கவில்லை. மெதுவாக ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சேர், இதுல ஒண்ணுமே ஓடல்லியே. அவங்களுக்கு என்ன மெஷின் சத்தம் கேக்குது?"

இராமையாவின் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

கண்கட்டோடு உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னால் போய் நின்றார். "லெச்சுமி, எந்திரி, போவோம்."

அவள் நாலாவது ஹெட்போனுக்காகக் காத்திருந்தாள்.

"லெச்சுமி!"

அவள் விரலால் சீலை ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக, அடுப்படியில் தினமும் சொல்வதை, வாசலில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்: "ஏ செவிட்டு மூதேவி!"

விஜயலெட்சுமி புன்னகை மாறாமல், "சீக்கிரம் மாட்டுங்க, பஸ் போயிரும்," என்றாள்.

ஃபேக்டரிக்குள் யாரும் யாரோடும் வாயால் பேசியதில்லை. அந்த இரைச்சலில் பேசினால் கேட்காது. உதட்டை அசைப்பார்கள், கையைக் காட்டுவார்கள், கதை நடக்கும். சல்லடை மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்ற விஜயலெட்சுமியிடம் "கட்டிக்கிறியா" என்று இராமையா கேட்டதே சத்தமில்லாமல்தான். அவளும் உதட்டைப் பார்த்துத்தான் தலையாட்டினாள். மெஷினை விட்டு வெளியே வந்த பிறகும் அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது இவருக்கு உறைக்கவே இல்லை. செய்தி வாசிக்கும் பெண்ணின் உதடும் பேச்சும் ஒத்துப்போகும். டப்பிங் தொடரில் உதடு இந்தி பேசும்.

ஆயிரம் கிலோ தேயிலையில் ஒரு பிடி கருகியிருந்தால் கண்டுபிடிக்கிற நாக்கு! அந்த நாக்கை அறுத்துக் காக்கைக்குப் போடலாம் என்றிருந்தது. வாயில் ஊறிய கசப்பு அவருக்கு நன்றாகத் தெரிந்த கசப்பு, கெட்டுப்போன சரக்கு. அது அவரே செய்த சரக்கு.

அவள் கண்கட்டை அவிழ்த்தாள். "என்ன, மூஞ்சி பழைய டஸ்ட் தேயிலை மாதிரி கெடக்கு?"

"ஒண்ணும் வாங்க வேணாம். வா."

ஹிஷாம் பெட்டியை மூடியபடி, "சேர், முதல்ல டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்க. இது எங்கயும் போகாது," என்றார். இராமையா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். வாழ்நாளில் ஒரு கடைக்காரனைக் கும்பிட்டது அதுவே முதல் தடவை, அதுவும் பிடிக்காமல்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது வழக்கம்போல முன்னால் போய்க்கொண்டே பேசத் தொடங்கினார். நாலு வார்த்தைக்குப் பிறகு ஞாபகம் வந்து, திரும்பி அவளுக்கு நேரே நின்றார். பின்னால் வந்த முட்டைக்கோஸ் மூட்டைக்காரர் அவர்மேல் மோதி ஏசிவிட்டுப் போனார்.

"லெச்சுமி, மூணாவதுல பாட்டே ஓடல. நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

"அப்ப அந்தச் சல்லடை?"

"அது உன் காதுக்குள்ள ஓடுது."

அவள் ரோட்டைப் பார்த்தாள். பிறகு அவர் உதட்டைப் பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கலையா?"

"இல்ல."

"வீட்டுல இருக்கும்போதும்?"

"எப்பவும் இல்ல."

"நான் மேல்மலையில ஏதோ ஃபேக்டரி ராப்பகலா ஓடுதுனு நெனச்சுக்கிட்டிருந்தேன். நல்ல வெளச்சல் போலனு," என்றாள்.

பதுளை பஸ் வந்தது. பசறைக்கு அங்கே இறங்கித்தான் மாற வேண்டும். "இறங்கினதும் காது டாக்டர்கிட்ட போறோம்," என்று அவர் அகலமாக வாயைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். "உன் காசு காதுக்கே போகட்டும். பத்தலைன்னா என் காசு இருக்கு."

ஜன்னலோரம் உட்கார்ந்தவள், நினைவு வந்ததுபோல் திரும்பினாள்.

"அடுப்படியில எனக்குப் பின்னால நின்னு மொணமொணப்பீங்களே. நெழல் சொவத்துல ஆடும், பாப்பேன். காது கேக்க ஆரம்பிச்சா அதுவும் கேக்கும், இல்லீங்களா? என்னதான் சொல்வீங்க?"

இராமையா துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் இருந்தார்.

"தேவாரம்," என்றார்.

அவள் அவர் வாயைப் பார்த்தாள். பிறகு கண்ணைப் பார்த்தாள். மறுபடி வாயைப் பார்த்தாள்.

"வாய் ஒண்ணு சொல்லுது, மூஞ்சி ஒண்ணு சொல்லுது," என்றாள் விஜயலெட்சுமி. "அந்த ஏழு மணித் தொடர் மாதிரியே இருக்கு."